மீன் புரட்டிய பையன்

போன மாதம் பழைய தபால் கப்பல்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, "பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிறுவயதில் கூலிக்கு மீன் காயவைத்தவர்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அவர் ஊர் மீனவர்கள் பிடித்த மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது என்றும், பிறகு அவரே ஒரு மீன் கம்பெனி தொடங்கினார் என்றும் சேர்த்திருந்தேன். அந்தச் சில வரிகளுக்கு வந்த கடிதங்கள்தான் இப்போது என் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. பாதிக்கு மேல் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் ஆர்தர் ஆண்டர்சன் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரருக்கு.

தூத்துக்குடி வாசகர்: யார் ஐயா அவர்? நிஜமாகவே மீன் காயவைத்தாரா? பெரிய ஆளான பிறகு சேர்த்துச் சொல்கிற கதை இல்லையே?

கதை இல்லை. அவர் பிறந்த வீட்டையும், அதற்கு முன்னால் மீன் பரப்பிய கடற்கரையையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் எண்ணெய்க் கப்பல்களில் இன்ஜினியராக இருந்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1990-களில் ஒருமுறை எங்கள் கப்பல் ஷெட்லாந்து தீவில் சல்லம் வோ என்கிற எண்ணெய் முனையத்தில் சரக்கு ஏற்ற நின்றது. ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கும் வடக்கே, கிட்டத்தட்ட 60-ஆவது அட்சரேகையில் இருக்கிற தீவுக்கூட்டம் ஷெட்லாந்து. மரமே இல்லாத ஊர். எங்கே பார்த்தாலும் புல், பாறை, ஆடு. எனக்கு அரை நாள் ஓய்வு கிடைத்தது. பஸ் பிடித்து லெர்விக் என்கிற தலைநகருக்குப் போனேன். ஊருக்குச் சற்று வடக்கே, அபர்டீனிலிருந்து கப்பல் வந்து நிற்கும் துறைக்குப் பக்கத்தில், கிரெமிஸ்டா என்ற இடத்தில் ஒரு பழைய கல் வீடு இருக்கிறது. அப்போது அதைச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். அங்கே இந்த மாதிரி வீட்டை 'போட்' என்பார்கள். கீழே உப்பும் மீனும் வைக்கிற கிட்டங்கி, மேலே குடும்பம் இருக்கிற வீடு. ஆண்டர்சனின் அப்பா அந்த மீன் உப்பிடும் களத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். 1792 பிப்ரவரி 19 அன்று ஆர்தர் அங்கே பிறந்தார்.

வீட்டுக்கு முன்னால் இருப்பது மணல் கரை இல்லை, வழுவழுவென்ற கூழாங்கல் கரை. என் ஆச்சி கருவாடு போட்டு விற்றுத்தான் எங்களை வளர்த்தார். அதனால் அந்தக் கரையைப் பார்த்ததுமே இது களம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. காட், லிங் இரண்டும் அங்கே பெரிய மீன்கள். தலையை எடுத்து, முதுகெலும்பின் பெரும்பகுதியை அகற்றி, தட்டையாகக் கீறி, கடல்நீரில் ரத்தம் போகக் கழுவி, தொட்டியில் அடுக்கடுக்காக உப்புப் போடுவார்கள். பிறகு கழுவி எடுத்துக் கல்லின் மேல் பரப்ப வேண்டும். கல்லாக இருந்தால் அடியிலும் காற்று போகும். வெயில் ஏறினால் சதைப்பக்கம் வெந்துபோகும் என்று தோல்பக்கத்தைத் திருப்ப வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். ஷெட்லாந்தில் மழை எந்த நேரமும் வரும். நாளெல்லாம் குனிந்து இதைச் செய்கிறவர்கள் சிறுவர்கள். அவர்களுக்குக் 'கடற்கரைப் பையன்கள்' என்றே பெயர். ஆண்டர்சன் அப்படி ஒரு பையன். தாமஸ் போல்ட் என்கிற மீன் வியாபாரியிடம் கூலிக்கு வேலை பார்த்தார். பையனுக்கு எழுத்து நன்றாக வருகிறது என்று பார்த்த போல்ட், பிறகு அவரைக் கணக்கு எழுதும் வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

அது நெப்போலியன் போர்க் காலம். பிரிட்டிஷ் கடற்படை ஆள்பிடிக்கும் கும்பல்களை அனுப்பி, ஷெட்லாந்து வாலிபர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. போல்ட் தன் செல்வாக்கால் ஆண்டர்சனை அதிலிருந்து காப்பாற்றினார். 16 வயதானதும், 1808-இல், ஆண்டர்சன் தானாகவே கடற்படையில் சேர்ந்தார். வழியனுப்பும்போது போல்ட் சொன்னது அந்தத் தீவுப் பேச்சில் நாலே நாலு சொல்தான்: நல்லதைச் செய், விட்டுவிடாதே என்று அர்த்தம் வரும்.

நாகப்பட்டினம் வாசகி: அந்த ஊர் மீனவர்கள் பிடித்த மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஏன் முடியாது? முன்பணம் வாங்கியிருந்தார்களா?

முன்பணமும் உண்டு. அதைவிடப் பெரிய பிடி ஒன்று இருந்தது அம்மா. குடியிருக்கிற நிலம்.

ஷெட்லாந்தில் நிலமெல்லாம் 'லேர்ட்' என்கிற ஜமீன்தார்கள் கையில் இருந்தது. மீனவனுக்கு ஒரு துண்டு நிலம், நாலு ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு. அந்தத் துண்டு நிலத்துக்குக் குத்தகைப் பத்திரம் கிடையாது, வருஷா வருஷம் நீடிக்கிற வாய்மொழி ஏற்பாடு. நிலம் வேண்டுமானால் ஜமீன்தாருக்காகவே மீன் பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறு வியாபாரிக்கு ஒரு மீனைக் கொடுத்தாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். போகிற இடம் எங்கே இருக்கிறது? தீவில் அடுத்த நிலமும் இன்னொரு லேர்டுடையது.

கணக்கு முடிப்பது வருஷத்துக்கு ஒரு தடவை. தூண்டில் கயிறு, முள், ஓட்ஸ் மாவு, புகையிலை எல்லாம் அவர்களுடைய கடையிலேயே பற்று வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மீனுக்கு என்ன விலை என்பது கரையில் போடும்போது தெரியாது. பருவம் முடிந்து கணக்கு பார்க்கும் நாளில்தான் தெரியும். விலையைச் சொல்கிறவரும் அவரே, பற்றுக் கணக்கை எழுதுகிறவரும் அவரே. பல குடும்பங்கள் காசைக் கண்ணால் பார்க்காமலே ஆயுளை முடித்தன. பெண்கள் பின்னும் கம்பளிச் சால்வைக்கும் இதே கதிதான். கூலி துணியாகவும் தேயிலையாகவும் வரும்.

இது நான் கேள்விப்பட்டுச் சொல்வது இல்லை. 1872-இல் வில்லியம் கத்ரி என்ற அதிகாரி தீவுக்கு வந்து, மீனவர், பின்னல்காரிகள், கடைக்காரர், ஜமீன்தார் என்று எல்லாரையும் உட்காரவைத்து விசாரித்தார். அந்த விசாரணை முழுவதும் கேள்வி, பதில் என்ற வடிவத்திலேயே அச்சாகியிருக்கிறது, ஆயிரக்கணக்கான கேள்விகள். கேள்வி பதில் எழுதிப் பிழைக்கிற எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. "உனக்குப் பணமாகக் கிடைத்ததா?" என்ற ஒரே கேள்வியை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்!

கன்னியாகுமரி, கல்லூரி மாணவர்: எப்படிப்பட்ட படகு? எவ்வளவு தூரம் போவார்கள்?

'சிக்ஸரீன்' என்று பெயர். ஆறு துடுப்பு, ஆறு ஆள், ஒரு பாய். மேல்தளம் இல்லாத திறந்த படகு, நீளம் சுமார் 30 அடி. நார்வேக்காரர்களின் பழைய படகு அமைப்பு. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, கரையிலிருந்து 30, 40 மைல் தள்ளி ஆழ்கடலுக்குப் போவார்கள். மைல் கணக்கில் நீளும் கயிற்றில் நூற்றுக்கணக்கான முள் கட்டி இறக்கி, லிங் பிடிப்பார்கள். கரைக்கு வர இரண்டு ராத்திரிகூட ஆகும்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன் தம்பி. நடுக்கடலில் சில சொற்களைச் சொல்லக்கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கு உண்டு. பாதிரியாரைப் பாதிரியார் என்று சொல்ல மாட்டார்கள், 'நிமிர்ந்து நிற்பவர்' என்பார்கள். கடலுக்கென்றே வேறு சொற்கள், பழைய நார்வேப் பேச்சிலிருந்து மிஞ்சியவை.

1832 ஜூலையில் ஒரு புயலில் 105 பேர் திரும்பவில்லை. 1881 ஜூலையில் இன்னொரு ராத்திரி 10 படகு, 58 பேர். பெரும்பாலானோர் க்ளூப் என்ற ஒரே துறையிலிருந்து போனவர்கள். அவ்வளவு தூரம் போகவேண்டிய காரணம், ஜமீன்தார்கள் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த லிங் ஆழத்தில் கிடைத்தது என்பதுதான்.

சென்னை வாசகர்: கையில் காசில்லாத பையன் எப்படிக் கப்பல் கம்பெனி முதலாளி ஆனார்?

1815-இல் போர் முடிந்தது, கடற்படை ஆட்களை வெளியே அனுப்பியது. போர்ட்ஸ்மவுத்தில் இறங்கிய ஆண்டர்சன் லண்டனுக்கு நடந்தே போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். உறவினர் ஒருவர் மூலம் ப்ரோடி மெக்கீ வில்காக்ஸ் என்ற கப்பல் தரகரிடம் எழுத்தர் வேலை கிடைத்தது. சில வருஷங்களில் அவருக்கே கூட்டாளி ஆனார். இரண்டு பேரும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் கப்பல் விட்டார்கள். அந்த இரண்டு நாட்டிலும் 1830-களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, இரண்டு இளம் ராணிகளின் பக்கம் நின்று ஆளும் சாமானும் ஏற்றி உதவினார்கள். அந்த நன்றி வியாபாரத்தில் திரும்பி வந்தது. பி அண்ட் ஓ கொடியில் இருக்கிற நீலமும் வெள்ளையும் போர்ச்சுகல் அரச வண்ணம், சிவப்பும் மஞ்சளும் ஸ்பெயினுடையது.

அப்போது லிஸ்பனுக்குத் தபால் பாய்க்கப்பலில் போய்க்கொண்டிருந்தது. காற்று அடித்தால் வரும், இல்லாவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாங்கள் நீராவிக் கப்பலில் நாள் தவறாமல் கொண்டுபோகிறோம் என்று இவர்கள் சொல்லி, 1837 ஆகஸ்டில் அரசு ஒப்பந்தம் வாங்கினார்கள். கம்பெனியின் தொடக்கம் அந்தத் தபால் ஒப்பந்தம்தான்.

முதல் மாதமே சோதனை. டான் ஜுவான் என்ற அவர்களுடைய சிறந்த கப்பல், செப்டம்பரில் ஜிப்ரால்டரிலிருந்து திரும்பும்போது மூடுபனியில் டரிஃபா முனைப் பாறையில் மோதி உடைந்தது. ஆண்டர்சனும் அவர் மனைவி மேரி ஆனும் கப்பலில் இருந்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தபால் மூட்டைகளைக் காப்பாற்றி ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றி ஜிப்ரால்டருக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் போனாலும் தபால் போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாணம் வாசகர்: அவருடைய கப்பல்கள் நம் பக்கம் வந்தனவா?

வந்தன. 1840 டிசம்பர் 31 அன்று அரச சாசனம் பெற்று 'பெனின்சுலர் அண்ட் ஓரியன்டல்' ஆனது கம்பெனி. 1842 செப்டம்பரில் ஹிந்துஸ்தான் என்ற கப்பல் சவுத்தாம்ப்டனை விட்டுப் புறப்பட்டது. அதன் பிறகு சூயஸிலிருந்து காலி, மதராஸ், கல்கத்தா என்று ஒழுங்கான போக்குவரத்து. இலங்கையில் காலிதான் நிலக்கரி ஏற்றும் துறை. 1845-இல் அங்கிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங்குக்குக் கிளை பிரிந்தது.

மதராஸில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் நம் ஆட்கள் அலையைக் கடந்து போய்த் தபாலையும் பயணிகளையும் இறக்கிக்கொண்டு வருவார்கள். லண்டனில் முத்திரை குத்திய கடிதம் கரையைத் தொடும் கடைசி முந்நூறு கெஜம் நம் படகுக்காரர்களுடைய தோளில்தான் இருந்தது.

ராமேஸ்வரம் வாசகர்: மீன் கம்பெனி தொடங்கினார் என்று எழுதினீர்கள். அது என்ன ஆயிற்று? அதைப் பற்றி எங்கேயும் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பி அண்ட் ஓ பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. மீன் கம்பெனிக்கு ஒரு பத்தி, இரண்டு பத்தி. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மனதுக்கு நெருக்கமான பகுதி அதுதான்.

1837-ஐ நினைத்துப் பாருங்கள். தபால் ஒப்பந்தம் கையெழுத்தான வருஷம். கப்பல் உடைந்த வருஷம். லண்டனில் இருக்கிற எந்த வியாபாரியும் வேறு எதையும் நினைக்க நேரமில்லாத வருஷம். அதே வருஷத்தில் ஆண்டர்சன் ஷெட்லாந்தின் மேற்குக் கரையில் வைலா என்கிற சின்னத் தீவைக் குத்தகைக்கு எடுத்து, ஷெட்லாந்து மீன்பிடிக் கம்பெனியைத் தொடங்கினார். ஏற்கெனவே 1836-இல் 'ஷெட்லாந்து ஜர்னல்' என்று அந்தத் தீவுகளுக்கான முதல் பத்திரிகையை லண்டனில் அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகளைச் சுற்றிக் காட்டும் உல்லாசக் கப்பல் என்று இல்லாத ஒரு பயணத்துக்கு அதில் விளம்பரம்கூடப் போட்டார். இன்று கோடிக்கணக்கில் புரளும் க்ரூஸ் வியாபாரத்தின் முதல் யோசனை அது என்பார்கள். அதைவிட அந்தப் பத்திரிகையில் எனக்கு முக்கியமாகப் படுவது, தீவு மக்கள் தங்கள் நிலைமையைத் தாங்களே அச்சில் பார்த்தார்கள் என்பது.

மீன் கம்பெனியின் எண்ணம் எளிமையானது. வைலாவில் தங்கள் சொந்தக் களம். மீனவன் மீனைக் கொண்டுவந்து போட்டால், ஜமீன்தார் சொல்கிற விலை இல்லை, சந்தை விலை. யாருக்கு விற்பது என்பதை மீனவன் முடிவு செய்யலாம். உப்பிட்ட மீனை ஸ்பெயின் பக்கம் விற்க ஆண்டர்சனுக்கு ஆள் பழக்கம் இருந்தது. தொட்டியில் எவ்வளவு உப்பு வேண்டும், கல்லின் மேல் எத்தனை தடவை புரட்ட வேண்டும் என்பது அவருக்குக் கையால் தெரியும். கீறுவதில் ஒரு விரல் பிசகினாலும் ஸ்பெயின் வியாபாரி அதை மட்ட ரகம் என்று தள்ளிவிடுவார். அந்த வித்தை தெரிந்த ஒருவர் முதலாளியாக வந்தது அந்தக் கரைக்குப் புதிது.

கம்பெனி நீடிக்கவில்லை, சில வருஷத்தில் ஓய்ந்தது. காரணம் ஒன்றில்லை. ஆண்டர்சன் லண்டனில், களம் வைலாவில், இடையில் ஒழுங்கான போக்குவரத்து இல்லை. அந்த வருஷங்களில் ஷெட்லாந்து மீன் தொழிலே ஆட்டம் கண்டது. லெர்விக்கின் மிகப் பெரிய மீன் வியாபார நிறுவனமான ஹே அண்ட் ஓகில்வி 1842-இல் விழுந்து, ஷெட்லாந்து வங்கியையும் கூட இழுத்துக்கொண்டு போனது. பெரியவர்களே நிற்க முடியாத காற்று.

இன்னொரு காரணத்தை நான் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மீனவனுக்கு நல்ல விலை கொடுத்தால் மட்டும் போதாது. அவன் குடியிருக்கிற நிலம் அடுத்தவர் கையில் இருக்கும்வரை, நல்ல விலை கொடுக்கிறவரிடம் போக அவனுக்குத் தைரியம் வராது. என் ஆச்சி ஒரு வியாபாரியிடம் பதினேழு வருஷம் கருவாடு போட்டார். பக்கத்துக் கடையில் கூடுதல் விலை என்று தெரியும். வீட்டு வாசலில் அந்த வியாபாரியின் பாத்திரம்தான் இருக்கும், மழைக்காலத்தில் அரிசி அவர்தான் கொடுப்பார். "அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்" என்பார் ஆச்சி. ஷெட்லாந்துக்காரர்களுக்கு நிலத்தில் நிரந்தர உரிமை வந்தது 1886 சட்டத்துக்குப் பிறகு. ஆண்டர்சன் போய்ச் சேர்ந்து 18 வருஷம் கழித்து. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் ஜமீன்தார் பிடி உண்மையில் தளர்ந்தது.

மதுரை வாசகர்: அரசியலுக்கு எதற்குப் போனார்? சம்பாதித்த பணத்தைக் காப்பாற்றவா?

நியாயமான சந்தேகம். கம்பெனி அரசாங்கத் தபால் பணத்தில் ஓடியது, எனவே நாடாளுமன்றத்தில் இருப்பது அவருக்கு லாபம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நின்ற தொகுதியைப் பாருங்கள். ஆர்க்னியும் ஷெட்லாந்தும் சேர்ந்த தொகுதி. 1832 வரை ஷெட்லாந்துக்காரர்களுக்கு ஓட்டே கிடையாது. ஆர்க்னி நிலக்காரர்கள் சிலர் சேர்ந்து ஓர் உறுப்பினரை அனுப்புவார்கள், அதுவும் பெரும்பாலும் டண்டாஸ் என்ற செல்வாக்கான குடும்பத்தின் கையில். 1847 தேர்தலில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் டண்டாஸை எதிர்த்து லிபரலாக நின்று ஆண்டர்சன் ஜெயித்தார். கடற்கரைப் பையன் ஒருவர் அந்தத் தீவுகளின் உறுப்பினராக வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்தார்.

யார் ஓட்டுப் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சொத்து அளவு வைத்துத்தான் ஓட்டு. அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மீனவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவரும் எல்லார் முன்னிலையிலும் பெயரைச் சொல்லித்தான் போட வேண்டும், ஜமீன்தாரின் ஆள் கேட்டுக்கொண்டு நிற்பார். ரகசிய ஓட்டு வந்தது 1872-இல். அந்தச் சூழலில் ஜெயித்தது சின்ன விஷயம் இல்லை.

அவர் உட்கார்ந்த நேரமும் மோசமானது. 1846-இலிருந்து உருளைக்கிழங்கு நோய் ஷெட்லாந்தையும் பிடித்தது. பசியைப் போக்கச் சாலை போடும் வேலை கொடுத்தார்கள், கூலி ஓட்ஸ் மாவாக. இன்றும் அந்தச் சாலைகளுக்கு 'மாவுச் சாலை' என்று பெயர். ஐந்து வருஷம் உறுப்பினராக இருந்தார், 1852-இல் விலகினார்.

நாடாளுமன்றத்தில் அவர் சாதித்ததைவிட அதற்கு வெளியே தீவுக்குச் செய்தது அதிகம் என்பது என் முடிவு. தீவுக்கு நீராவிக் கப்பலில் ஒழுங்கான தபால் வேண்டும் என்று உறுப்பினர் ஆவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1837-இல் பட்டத்துக்கு வந்த விக்டோரியா ராணிக்கு ஷெட்லாந்துப் பெண்கள் பின்னிய மெல்லிய கம்பளிப் பின்னலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அரண்மனை உடுத்தியதும் லண்டன் சீமாட்டிகள் கேட்க ஆரம்பித்தார்கள்.

புதுச்சேரி வாசகர்: பி அண்ட் ஓ கப்பல்கள் அபின் ஏற்றின. அதை மறைத்துவிட்டு நல்லவர் என்று எழுதுவீர்களா?

மறைக்க மாட்டேன். 1840-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றியதில் கம்பெனிக்கு நல்ல வருமானம் வந்தது. நிர்வாக இயக்குநர்களில் ஒருவராக ஆண்டர்சனுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. சட்டப்படி அன்று அது குற்றம் இல்லை என்பார்கள். ஷெட்லாந்தில் ஜமீன்தார்கள் செய்ததும் சட்டப்படிக் குற்றம் இல்லைதான். ஒரு கரையில் மீனவனுக்கு நியாயம் கேட்டவர், இன்னொரு கரையில் யார் வாயில் எது போகிறது என்று கேட்கவில்லை. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவரைப் பிடிக்கும் என்பதால் வருத்தம் அதிகம்.

வேளாங்கண்ணி வாசகி: சம்பாதித்ததில் தீவுக்கு ஏதாவது விட்டுப்போனாரா? பிள்ளைகள் உண்டா?

மேரி ஆனை 1822-இல் மணந்தார், யார்க்ஷயர் பக்கத்துக் கப்பல் முதலாளியின் மகள். பிள்ளைகளைப் பற்றிப் பேச இங்கே ஒன்றும் இல்லை. தீவுப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனது ஒரு பள்ளி. லெர்விக்கில் ஆண்டர்சன் கல்வி நிலையம், 1862-இல் திறந்தது. இப்போது ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் வேறு கட்டடத்தில் நடக்கிறது. போல்ட் கடற்கரையில் சொன்ன அந்த நாலு சொல்தான் பள்ளியின் வாசகம்.

1864-இல் மேரி ஆன் இறந்தார். அடுத்த வருஷம் அவர் நினைவாக லெர்விக்கில் விதவைகள் இல்லம் கட்டினார் ஆண்டர்சன். கடலுக்குப் போய்த் திரும்பாத ஷெட்லாந்து மாலுமிகள், மீனவர்களின் மனைவிகள் தங்குவதற்கு. கடலைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன். வரிசையாகப் புகைபோக்கிகள், ஒன்றில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலுக்குள் யார் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

1868 பிப்ரவரி 27 அன்று லண்டன் நார்வுட்டில் ஆண்டர்சன் இறந்தார், அங்கேயே அடக்கம்.

சூயஸ் கால்வாயைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கால்வாயை வெட்ட முடியும் என்று 1840-களின் தொடக்கத்திலேயே எழுதியவர் ஆண்டர்சன். திறந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1869 நவம்பரில்தான் திறந்தார்கள். அலெக்சாண்டிரியாவிலிருந்து சூயஸ் வரை ஒட்டகத்தில் நிலக்கரி போன காலத்தை அடுத்த மாதம் எழுதுகிறேன்.